புதுப்பிப்பு: தங்கையின் வெளிநாட்டுப் படிப்புக்குப் பணம் கிடைத்தது

மூன்று மாதம் முன்பு இங்கே புலம்பியிருந்தேன்: தங்கைக்கு இங்கிலாந்தில் முதுகலை இடம் கிடைத்தும், திருமங்கலம் வீட்டுப் பத்திரத்தை ஈடு வைக்காமல் கல்விக்கடனுக்கு வங்கி நகரவே மாட்டேன் என்கிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது மேலூர் அண்ணன் சொன்ன ஜே.என். டாட்டா என்டோமென்ட் என்ற கல்வி அறக்கட்டளை. ஜம்ஷெட்ஜி டாட்டா 1892-இல் தொடங்கியது, மும்பையில் இருக்கிறது. பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் லண்டனுக்குப் படிக்கப் போனதும் டாட்டா உதவித்தொகையில்தான். ஆனால் ஒன்று, இதை இனாம் என்று நினைத்து விடாதீர்கள் (நான் நினைத்தேன்). இது கடன் உதவித்தொகை, படித்து முடித்துத் திருப்பிக் கட்ட வேண்டும். விண்ணப்பம், ஆன்லைன் தேர்வு, அப்புறம் நேர்காணல். நேர்காணலில் மார்க்கை விட, ஏன் இந்தப் படிப்பு என்பதைத்தான் துருவித் துருவிக் கேட்டார்களாம்.

எதிர்பாராத சிக்கல் இனிஷியல். மார்க் ஷீட்டில் வெறும் 'மு.', பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஜில்லா கோர்ட் வாசலில், வேப்பமரத்தடி டைப்பிங் மேசையில் பிரமாணப் பத்திரம் அடித்து, நோட்டரி முத்திரை குத்தி வாங்கினோம். முதல் பிரதியில் டைப் அடித்தவர் தாத்தா பெயரைப் போட்டுவிட்டார், திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று.

மொத்தச் செலவுக்கும் இந்த உதவித்தொகை போதவில்லை, மீதிக்குச் சித்தப்பா கைமாற்று தந்தார். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கிறது.