ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தது, நாலு காளை மிச்சம்: விற்கவா, இன்னும் ஒரு வருஷம் தீனி போடவா?

பெர்ஜுந்தைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சிலாங்கூர் மாநிலம் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து எழுதுகிறேன். 2007-லிருந்து ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்றுதான் இருக்கிறது, எங்கள் வாயில் இன்னும் வரவில்லை. முப்பது வருஷம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து வேலை, கடைசி பத்து வருஷம் மண்டோர், அதாவது ஆட்களை மேய்க்கிற கங்காணி. 55 வயது ஆனதும் சேமநிதியில் கொஞ்சம் எடுத்து வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டேன். அப்பா காலத்திலேயே லயத்தில் பால் மாடு வைத்திருந்தோம், அதனால் மாடு புதிதில்லை. இறைச்சிக்குக் கொழுக்க வைத்து விற்பது மட்டும் இதுதான் முதல் தடவை.

போன அக்டோபரில் 12 இளங்காளை வாங்கினேன். கெடா-கிளந்தான் மாடும் பிராமனும் கலந்த ரகம், தலைக்கு 2,600 வெள்ளி (ரிங்கிட்). காலையில் நேப்பியர் புல், நானும் மகனும் ஆற்றோரம் அறுத்து வருவது. சாயங்காலம் மாட்டுக்கு 3 கிலோ செம்பனைப் புண்ணாக்கு, கொஞ்சம் தௌபூ (சோயாக் கட்டி) செய்த சக்கை, தொட்டியில் உப்புக் கட்டி. நான் வாங்க ஆரம்பித்தபோது புண்ணாக்கு கிலோ 65 காசு, இப்போது 80. எல்லாம் சேர்த்து ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 3 வெள்ளி என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

2025 ஜூன் 7 ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எட்டு போய்விட்டது, தலைக்கு 4,900. மிச்சம் நாலு. ஒன்று முள்கம்பியில் மாட்டி இடது காது பாதி அறுந்தது. ஒன்று பிப்ரவரியிலிருந்து பின்னங்கால் கொஞ்சம் நொண்டுகிறது. மற்ற இரண்டும் நல்ல மாடுதான். மாடு கேட்டிருந்த சூராவில் (சின்னப் பள்ளிவாசல்), பெருநாள் மாட்டைப் பங்கு போட்டு வாங்க ஆள் சேரவில்லை என்று கடைசி வாரத்தில் கைவிரித்துவிட்டார்கள்.

நேற்று ஒரு வியாபாரி வந்தார். நாலையும் சுற்றி வந்து, முதுகைத் தட்டிப் பார்த்து, "எல்லாம் 250 கிலோ, கிலோ 14, தலைக்கு 3,500, நாளைக்கே லோரி அனுப்புகிறேன்" என்றார். மகன் கொடுக்காதே என்கிறான். அடுத்த பெருநாள் 2026 மே 27 வாக்கில், அதுவரை வைத்திருந்தால் 5,000 தாண்டும் என்பது அவன் கணக்கு. வீட்டுக்காரி தள்ளிவிடு என்கிறாள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. லோரி வருகிற நாளில் என் அம்மா விடிந்ததும் மாரியம்மன் கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். லோரி போன பிறகு போன் செய்தால்தான் திரும்புவார். அவருக்கு 81 வயது. இந்தச் சீசனில் மூன்று தடவை போய்விட்டார். விற்பதானால் நாலையும் ஒரே லோரியில் ஏற்ற வேண்டும்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பகாவ் பட்டி

தம்பி, எனக்கு 68, அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். மகன் கணக்கை முதலில் பார்ப்போம்.

இந்தப் பெருநாளிலிருந்து அடுத்த பெருநாள்வரை 354 நாள். வருஷா வருஷம் பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும், அது ஒரு சின்ன வசதி. 354 நாளுக்கு 3 வெள்ளி வீதம் 1,062. அடுத்த வருஷமும் அதே 4,900 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், தீனியைக் கழித்தால் 3,838. இன்றைக்குக் கையில் தருகிறேன் என்பவர் விலை 3,500. ஒரு வருஷம் முழுக்கப் புல் அறுத்துப் போட்டு, ஊசி போட்டு, ராத்திரி நாய் குரைத்தால் எழுந்து போய்ப் பார்த்து, மாட்டுக்கு 338 வெள்ளி. புண்ணாக்கு இன்னும் 10 காசு ஏறினால் அதில் நூறுக்கு மேல் போச்சு. நம்ம ஊர்ப் புண்ணாக்கு நியூசிலாந்துப் பால் பண்ணை வரைக்கும் கப்பல் ஏறுகிறது, விலை நம்ம கையில் இல்லை.

இந்த 338-ம் அந்த இரண்டு நல்ல மாட்டுக்குத்தான். காது அறுந்ததையும் நொண்டியையும் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அங்கேதான் கண் நின்றது. கொர்பானுக்கு, அதாவது பெருநாள் பலிக்கு, அறுந்த காதும் ஆகாது, நொண்டியும் ஆகாது. கால் ஒருவேளை குணமாகலாம். காது முளைக்காது. இந்த வருஷம் எதனால் நின்றதோ அதே காரணத்தால் அடுத்த வருஷமும் நிற்கும், ஒரு வருஷத் தீனிச் செலவோடு.

நானும் ஒரு தடவை இப்படி வைத்திருந்தேன். 2020-ல் மிஞ்சிய ஆறு காளை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று. 2021 ஜூலை 20-ல் பெருநாள், ஜூன் மாதமே நாடு முழுக்கப் பூட்டிவிட்டார்கள். சூராவில் கூட்டம் சேர்க்க முடியாது, பங்கும் இல்லை. அதே வருஷம்தான் தோல் கட்டி நோய் நம் நாட்டில் முதன்முதலாக வந்தது. என் இரண்டு மாட்டுக்கு உடம்பெல்லாம் கட்டி, ஆறின பிறகும் தழும்பைப் பார்த்தாலே ஆள் திரும்பிப் போய்விடுவார். கடைசியில் வாங்கின விலைக்குக் கீழே தள்ளினேன்.

அப்புறம் வளர்ச்சி. நல்ல தீனிக்கு உங்கள் ரகம் முதல் சில மாதம் நாளைக்கு அரைக் கிலோவோ அதற்குக் கொஞ்சம் மேலோ ஏறியிருக்கும். எலும்பு நின்றுவிட்டால் அந்த வேகம் வராது. தின்பதெல்லாம் கொழுப்பாகப் போகும், ஒரு கிலோ கொழுப்பு ஏற்ற ஒரு கிலோ சதையைவிட அதிகத் தீனி வேண்டும். நீங்கள் பணத்தை மாட்டில் போடுகிறோம் என்று நினைப்பீர்கள், அது சாணியாகத்தான் வெளியே வரும்.

அதற்காக 3,500-க்குத் தலையாட்டிவிடாதீர்கள். கண் எடை வியாபாரியின் எடை. தையல்காரர் டேப்பு ஒன்று எடுத்து, மாட்டைச் சமதரையில் நேராக நிறுத்தி, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அளக்கவும். பிறகு தோள் முனையிலிருந்து வாலுக்குப் பக்கத்து எலும்பு முனை வரை நீளம். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோ வரும். தராசு போலத் துல்லியம் இல்லை, ஆனால் சும்மா கண்ணால் பார்ப்பதற்கு இது எவ்வளவோ மேல். காலையில் தீனி வைக்குமுன் அளவெடுங்கள்.

உங்கள் மொத்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன், கோபப்படாதீர்கள். 12 மாடு 31,200. எட்டு விற்றது 39,200. 240 நாள் தீனி, 12 மாட்டுக்கு 8,640. ஆக இதுவரை உங்களுக்கு 640 நஷ்டம். லாபம் முழுக்க இந்த நாலு மாட்டில்தான் நிற்கிறது. 14,000-க்கு விற்றால், மருந்து, கம்பி எல்லாம் ஒரு 1,200 கழித்து, கையில் 12,160. எட்டு மாதத்துக்கு வகுத்தால் மாதம் 1,520. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளமே 1,700, அதுவும் ஒரு ஆளுக்கு. நீங்கள் அப்பனும் பிள்ளையுமாக இரண்டு பேர்.

சிப்புட் தங்கச்சி

பகாவ் ஐயா சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். சுங்கை சிப்புட்டில் எங்கள் அப்பா தீனி வாங்கிப் போடுவதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் அனுமதி வாங்கி, வளர்ந்த செம்பனைக்கு அடியில் மேய்க்கிறார். களை வெட்டும் செலவு தோட்டத்துக்கு மிச்சம், மேய்ச்சல் எங்களுக்கு. எங்களுக்கு மாட்டுக்கு நாள் செலவு ஒரு வெள்ளி வருமா என்பதே சந்தேகம். அப்படி இருந்தால் நல்ல இரண்டையும் வைத்திருப்பதில் தப்பில்லை.

ஆனால் மேய்ச்சலிலும் ஆயிரம் வம்பு இருக்கிறது. மரம் நன்றாக அடர்ந்துவிட்டால் கீழே வெயில் இறங்காது, புல் குறைந்துபோகும். மறு நடவு வந்தால் இளங்கன்றை மாடு கடித்துவிடும் என்று தோட்டத்திலிருந்து வெளியே போகச் சொல்வார்கள். மருந்து அடிக்கிற நாள் தெரியாமல் விட்டுவிட்டால் அது வேறு. பாராகுவாட்டை 2020-ல் தடை செய்தார்கள், அதோடு மற்ற மருந்தெல்லாம் மாட்டுக்குத் தேனாகிவிடவில்லை. திருட்டை எழுதவே மனம் வரவில்லை. போன வருஷம் எங்கள் காளை ஒன்றை ராத்திரியோடு ராத்திரியாகச் செம்பனைக்குள்ளேயே அறுத்துத் தொடையை மட்டும் எடுத்துப் போயிருந்தார்கள். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அண்ணே, நொண்டிக்குக் குளம்பைப் பார்த்தீர்களா? நடுவில் கல்லோ புண்ணோ இருக்கும். ஈரத் தரையில் கட்டியிருந்தால் அதுதான் முதல் காரணம்.

கிள்ளான் பாய்

நான் வாங்குகிற பக்கம். கிள்ளானில் மூன்று தலைமுறையாக இறைச்சிக் கடை.

அண்ணனுக்கு 4,900 எப்படி வந்தது தெரியுமா? மாட்டு எடையிலிருந்து அந்த விலை வரவில்லை. சூராவ் கமிட்டி முதலில் பங்கு விலையை முடிவு செய்கிறது. ஒரு மாடு ஏழு பங்கு. பங்கு 800 என்றால் 5,600. அதில் அறுப்பு, வெட்டு, பை, லோரி என்று ஒரு 600, 700 போகும். மிச்சம்தான் மாட்டுக்காரருக்கு. சின்ன ஊரில் பங்கு விலையை ஆயிரத்துக்கு ஏற்றினால் ஆள் சேராது. ஆக மாட்டை 400 கிலோவுக்கு வளர்த்துக்கொண்டு போய் நின்றாலும் அந்தச் சூராவில் அதே காசுதான். வயது இரண்டு நிறைந்து, ஊனம் இல்லாமல், பார்க்க லட்சணமாக இருந்தால் அவர்களுக்குப் போதும். அதற்கு மேல் ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் உங்கள் கைக்காசு.

மற்ற நாளில் எங்களுக்கு எடைதான் பேச்சு. 250 கிலோ மாட்டில் பாதிதான் எலும்போடு தொங்கும், தலை, தோல், குடல் எல்லாம் போக. சாதாரணச் சாப்பாட்டுக் கடைகள் இந்தியாவிலிருந்து வரும் உறைந்த எருமை இறைச்சிக்கே போகிறார்கள், அந்த விலையோடு உள்ளூர் மாடு மல்லுக்கட்ட முடியாது. உள்ளூர் மாட்டைத் தேடி வருவது கெண்டுரி (விருந்து) வைக்கிற வீட்டுக்காரர்கள். பள்ளி விடுமுறையில் கல்யாணம் நிறைய. கல்யாணச் சாப்பாட்டு மாட்டுக்கு யாரும் காதைப் பார்ப்பதில்லை. அந்த ஒற்றைக் காதுக்காரனை அந்தப் பக்கம் கேட்டுப் பாருங்கள்.

பகாவ் பட்டி

தங்கச்சி சொன்னது சரி. தீனிச் செலவு ஒரு வெள்ளி என்றால் என் கணக்கு தலைகீழ். பெர்ஜுந்தைத் தம்பி 3 வெள்ளி போடுகிறார், அதனால் அப்படிச் சொன்னேன்.

ஒன்று விட்டுப்போச்சு. விற்ற காசு சும்மா இருக்க வேண்டாம். எலும்பு பெரிதாக, விலா தெரிகிற மாதிரி மெலிந்த மாடு பாருங்கள். பட்டினி கிடந்த மாடு, நோய் இல்லையென்றால், நல்ல தீனி கண்டதும் விட்டதைப் பிடிக்கிற வேகத்தில் ஏறும். நீங்கள் விற்கிற மாடு இனி அந்த மாதிரி ஏறாது. குடல் பூச்சிக்கு மருந்து கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். வயதுக்குப் பல்லைப் பாருங்கள், முன்னால் இரண்டு பெரிய பல் வந்திருந்தால் ஏறக்குறைய இரண்டு வயது. இப்போது வாங்குவது அடுத்த மே மாதத்துக்குள் அந்த வயதைத் தொட வேண்டும், ஆறு மாதக் கன்றை வாங்கி வந்து நிற்காதீர்கள். லாபம் விற்கும்போது வருவதாக எல்லாரும் நினைக்கிறோம். என் 30 வருஷத்தில் காசு பார்த்த தடவையெல்லாம் வாங்கும்போது அடித்துப் பேசிய தடவைகள்தான்.

பெர்ஜுந்தைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

7 வெள்ளிக்கு டேப்பு வாங்கி, விடியற்காலையில் மகனைக் கொம்பைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். முதல் மாடு சுற்றளவு 158, நீளம் 126, கணக்குப்படி 290 கிலோ. அடுத்தது 281. காதுக்காரன் 260. நொண்டி 236 தான், அங்கே வியாபாரி கண்ணே எனக்கு லாபமாக இருந்திருக்கிறது. மொத்தம் 1,067 கிலோ, 14 வெள்ளி போட்டால் 14,938. நோட்டைக் காட்டினேன். வியாபாரிக்கு முகம் மாறிவிட்டது. "அண்ணே, இது வயிறு நிறையப் புல் தின்ற எடை, லோரியில் ஏறி இறங்கினால் பத்துப் பதினைந்து கிலோ போய்விடும்" என்றார். தீனி வைக்குமுன் அளந்தது என்றேன். அரை மணி நேரம் பேசி, நடுவில் தேத்தண்ணி குடித்து, 14,600-ல் முடிந்தது. 7 வெள்ளி டேப்புக்கு 600 வெள்ளி. பாய் சொன்ன கெண்டுரி பக்கமும் விசாரித்தேன், விடுமுறைவரை காத்திருக்கச் சொன்னார்கள். தீனிச் செலவை நினைத்து விட்டுவிட்டேன்.

தங்கச்சி, குளம்பு நடுவில் புண் இருந்தது. சின்னச் சரளைக் கல். பிப்ரவரியிலேயே தூக்கிப் பார்த்திருந்தால் பெருநாளுக்கே போயிருக்கும். மகனிடம் சொல்லவில்லை, கால் பார்ப்பது என் வேலை. கொட்டகைத் தரைக்கு இப்போது சிமெண்டு சரிவு போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நாலும் ஒரே லோரியில் போனது. அம்மாவும் ஒரே தடவை கோயிலுக்குப் போய் வந்தார்.

ஐயா, ஒரே ஒரு கேள்வி. வருகிற வாரம் கோலசிலாங்கூர் பக்கம் மெலிந்த மாடு ஆறு பார்க்கப் போகிறேன். வாங்கும்போதும் இதே டேப்பை எடுத்துப் போகலாமா? விற்பவர் கோபித்துக்கொள்வாரா?

பகாவ் பட்டி

கோபித்துக்கொள்வார். எடுத்துப் போங்கள். பல் பார்க்க டார்ச் லைட்டும், குளம்பு தூக்க மகனையும்.