கிரிம்ஸ்பி, ஹல் பக்கம் வேலை கிடைத்து வருகிறவர்கள் படிக்க

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது, வரலாமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். "அந்த ஊரில் பாதிக்கு மேல் பிரெக்ஸிட்டுக்கு ஓட்டுப் போட்டவர்களாமே, நம்மை எப்படிப் பார்ப்பார்கள்?" என்பதும் அவருடைய கேள்வி. (பிரெக்ஸிட் என்றால் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது.) ஹல், கிரேட் யார்மத், ஃப்ளீட்வுட் என்று பழைய மீன்பிடி ஊர்களுக்கு வரும் நம் ஆட்கள் பலருக்கும் இதே தயக்கம் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தாராளமாக வாருங்கள். ஆனால் ஊரின் கதையைத் தெரிந்துகொண்டு வாருங்கள். அது தெரியாவிட்டால் வாடகை ஏன் இவ்வளவு மலிவு, எந்த வேலை நிலைக்கும், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஏன் செய்தி பார்த்தாலே கொதிக்கிறார், எதுவும் பிடிபடாது.

ஹம்பர் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது கிரிம்ஸ்பி. ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய மீன்பிடித் துறைமுகம் என்று பெயர் எடுத்த ஊர். 1970ல்கூட டிராலர்கள், அதாவது வலையை இழுத்துப் போகும் பெரிய மீன்பிடிக் கப்பல்கள், சுமார் 400 இங்கே இருந்தன. 2013ல் மிஞ்சியது ஐந்து. நடுவில் நடந்ததைத்தான் இந்த ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

"ஐரோப்பிய ஒன்றியம்தான் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டது" என்று பலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. கிரிம்ஸ்பி, ஹல் டிராலர்களுக்குச் சோறு போட்டது ஐஸ்லாந்து, நார்வே பக்கத்துக் கடல். அங்கே போய் வாரக்கணக்கில் கிடந்து காட் என்ற மீனைப் பிடித்து வருவார்கள். ஐஸ்லாந்து தன் கடல் எல்லையை 1958ல் 12 கடல் மைல், 1972ல் 50, 1975ல் 200 என்று நீட்டிக்கொண்டே போனது. பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பிப் பார்த்தது. ஐஸ்லாந்தின் ரோந்துக் கப்பல்கள் டிராலர்களின் வலை வடத்தையே அறுத்துவிட்டன. இதைத்தான் காட் போர் என்கிறார்கள். 1976ல் பிரிட்டன் விட்டுக்கொடுத்தது. ஐஸ்லாந்து அன்றும் இன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத நாடு என்பதைக் கவனியுங்கள்.

மிச்சப் பாதியில் அவர்கள் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. பிரிட்டன் 1973ல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது, இன்றைய ஒன்றியத்தின் பழைய வடிவம் அது. மற்ற நாடுகள் ஆளாளுக்கு 200 மைல் என்று எல்லை போட்ட காலத்தில், பிரிட்டன் தன் கடலைக் கூட்டாளிகளோடு பகிர வேண்டி வந்தது. 1983ல் எந்த நாடு எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று கோட்டா நிரந்தரமானது. தொண்ணூறுகளில் படகை உடைத்தால் பணம் தருகிறோம் என்று திட்டம் வந்து, நல்ல படகுகளையே உடைத்தார்கள். தூரக் கடல் ஏற்கெனவே போய், சொந்தக் கடலிலும் கணக்குப் பார்த்துப் பிடி என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

எனக்கு இதைவிட மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இருபது, முப்பது வருடம் டிராலரில் உழைத்தவர்களைத் தற்காலிகக் கூலிகள் என்று கணக்கில் வைத்திருந்தார்கள். அதனால் தொழில் படுத்தபோது வேலை இழப்பீடு என்று ஒரு பைசா கிடைக்கவில்லை. 2000ல்தான் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது: வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 1,000 பவுண்டு, அதிகபட்சம் 20,000. அதற்குள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஹல்லில் 1968ன் தொடக்கத்தில் மூன்று டிராலர்கள் அடுத்தடுத்து மூழ்கி 58 பேர் இறந்தார்கள். லிலியன் பிலோக்கா என்ற மீனவக் குடும்பத்துப் பெண் முன்னே நிற்க, பெண்கள் துறைமுகத்தை மறித்தார்கள். ரேடியோ ஆள் இல்லாமல் கப்பல் புறப்படக் கூடாது என்று லண்டன்வரை போய் அமைச்சரிடம் பேசிச் சாதித்தார்கள். ஹல் வருகிறவர்கள் ஹெஸல் ரோடு பக்கம் போனால் அந்தக் கதையைச் சொல்ல இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். உட்கார்ந்து கேளுங்கள்.

இந்தப் பின்னணியில்தான் 2016 ஜூன் 23 ஓட்டெடுப்பு நடந்தது. கிரிம்ஸ்பி இருக்கும் வடகிழக்கு லிங்கன்ஷயரில் 69.9 சதவீதம், ஹல்லில் 67.6, கிரேட் யார்மத்தில் 71.5 வெளியேறு என்றார்கள். நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தில் மீன்பிடித் தொழில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் பிரசாரத்தில் அதைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். தேம்ஸ் நதியில் மீன்பிடிப் படகு ஊர்வலமே நடந்தது. கடல் திரும்பக் கிடைக்கும், படகு திரும்ப வரும் என்று நம்பி ஓட்டுப் போட்டவர்களை முட்டாள்கள் என்று பேச எனக்கு மனம் வராது. அவர்களுக்கு வாக்குக் கொடுத்தவர்கள் அதைக் காப்பாற்றவில்லை என்பதுதான் என் வருத்தம்.

என்ன கிடைத்தது என்று பாருங்கள். 2020 டிசம்பரில் முடிந்த ஒப்பந்தப்படி, பிரிட்டன் கடலில் ஐரோப்பியப் படகுகள் பிடிக்கும் மீனின் மதிப்பில் கால் பங்கு ஐந்தரை வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிட்டனுக்கு மாறும். அதில் பெரும்பகுதி கானாங்கெளுத்தியும் ஹெர்ரிங்கும். அவற்றைப் பிடிப்பது பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் பெரிய கப்பல்கள். ஹல்லுக்கோ தலைகீழ். அங்கிருந்து போகும் கிர்கெல்லா என்ற பெரிய டிராலர், ஒன்றியத்தின் ஒப்பந்தம் வழியாகத்தான் நார்வே கடலுக்குள் போய்வந்தது. வெளியே வந்த பிறகு நார்வேயோடு 2021க்கு உடன்பாடு எட்டவில்லை. கப்பல் அந்தக் கடலை இழந்தது.

நண்டு, இறால், சிப்பி பிடிக்கும் சின்னப் படகுக்காரர்கள் பாடு இன்னும் மோசம். பிரிட்டிஷ்காரர்கள் சாப்பிடும் மீனில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. இங்கே பிடிப்பதில் பெரும்பகுதி பிரான்ஸ், ஸ்பெயின் என்று போகிறது. முன்பு சாயங்காலம் பெட்டியில் ஐஸ் போட்டு லாரியில் ஏற்றினால் அடுத்த நாள் பிரெஞ்சுச் சந்தையில் இறங்கும். 2021 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு சரக்குக்கும் சுகாதாரச் சான்றிதழ், எந்தப் படகு பிடித்தது என்ற சான்றிதழ், சுங்கப் படிவம் எல்லாம் வேண்டும். ஒரு லாரியில் பத்துப் பேர் பெட்டி இருக்கும். ஒருவர் படிவத்தில் ஒரு எண் தப்பினால் பத்துப் பேர் சரக்கும் எல்லையில் நிற்கும். உயிரோடு போக வேண்டிய நண்டு அங்கேயே சாகும். அந்த மாதமே கடலுணவு லாரிகள் லண்டனில் பிரதமர் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருக்களில் வரிசையாக நின்று போராடின. சுத்திகரிக்காத உயிர்ச் சிப்பியை வாங்கவே மாட்டோம் என்று ஒன்றியம் சொல்லிவிட்டதில், வேல்ஸில் சிப்பித் தொழிலுக்குப் பெரிய அடி.

2025 மே மாதம் இன்னொரு உடன்பாடு. ஐரோப்பியப் படகுகள் 2038 வரை பிரிட்டன் கடலில் பிடிக்கலாம். பதிலுக்கு உணவுச் சான்றிதழ் தொல்லையைக் குறைக்கப் பேசுவார்கள். கடலோர ஊர்களுக்கு 12 வருடத்துக்கு 36 கோடி பவுண்டு நிதி. ஏற்றுமதி செய்கிறவர்கள் பெருமூச்சு விட்டார்கள். படகுக்காரர்கள் மறுபடியும் விற்றுவிட்டார்கள் என்றார்கள். இரண்டும் அவரவர் இடத்திலிருந்து பார்த்தால் சரிதான்.

அப்புறம், உங்கள் காரியம்.

கிரிம்ஸ்பியில் படகு போய்விட்டது, மீன் போகவில்லை. பிரிட்டனின் மீன் பதப்படுத்தலில் சுமார் 70 சதவீதம் இந்த வட்டாரத்தில் நடப்பதாகச் சொல்கிறார்கள். காட், ஹேடாக் எல்லாம் ஐஸ்லாந்திலிருந்தும் நார்வேயிலிருந்தும் கண்டெய்னரில் வருகிறது. யாரிடம் கடலை இழந்தார்களோ அவர்கள் மீனை வெட்டித்தான் ஊர் பிழைக்கிறது. 2004க்குப் பிறகு இந்த ஆலைகளை ஓட்டியதில் போலந்து, லித்துவேனியா ஆட்களுக்குப் பெரிய பங்கு. 2021ல் அந்தக் கதவு மூடிவிட்டது. ஆலை வாசலில் 'ஆட்கள் தேவை' பலகை தொங்குவது அதனால்தான். அதைப் பார்த்துவிட்டு ஸ்பான்சர்ஷிப் கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள். மீன் வெட்டும் வேலைக்கு ஸ்கில்டு ஒர்க்கர் விசா கிடையாது.

நிலைத்து நிற்கும் வேலை என்றால் மருத்துவமனை, பள்ளிக்கூடம், அப்புறம் கடல் காற்றாலை. ஹார்ன்சீ காற்றாலைகளைப் பராமரிக்கும் ஓர்ஸ்டெட் நிறுவனத்தின் தளம் கிரிம்ஸ்பி ராயல் டாக்கிலேயே இருக்கிறது. ஹல்லில் சீமென்ஸ் இறக்கை செய்யும் ஆலை. எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் படித்த தம்பிமார் இங்கே தேடிப் பாருங்கள்.

வீடு மலிவு. லண்டன் வாடகையில் கால்வாசிக்குக் கிடைக்கிறது என்று போட்டோவைப் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள். டாக்கை ஒட்டிய ஃப்ரீமன் ஸ்ட்ரீட் ஒரு காலத்தில் டிராலர்காரர்கள் சம்பளத்தோடு இறங்கிச் செலவழித்த கடைத்தெரு. இன்று பல கடைகளுக்குப் பூட்டுத்தான். பக்கத்துத் தெருக்களின் பழைய வரிசை வீடுகளில் ஈரமும் பூஞ்சையும் அதிகம். பார்க்கப் போகும்போது படுக்கையறை வெளிச்சுவரில், அலமாரிக்குப் பின்னால் கை வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் இருந்தால் கிளீதோர்ப்ஸ் பக்கம் தேடலாம். கடற்கரை இருக்கிறது, பஸ் இருக்கிறது.

மனிதர்கள் பற்றி. 2024 ஆகஸ்ட் கலவரத்தில் ஹல்லில் கடைக்குத் தீ வைத்தார்கள். அதை மறைத்துப் பேசுவது சரியில்லை. மறுநாள் துடைப்பத்தோடு தெருவைக் கூட்ட வந்தவர்களும் அதே ஊர்க்காரர்கள். யாராவது திட்டினால் பதில் சொல்ல நிற்காமல் நகர்ந்துவிட்டுப் போலீஸுக்கு 101ல் சொல்லுங்கள், ஆபத்து என்றால் 999. மற்றபடி, "நீங்கள் ஏன் அப்படி ஓட்டுப் போட்டீர்கள்?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். "உங்கள் வீட்டில் யாராவது கடலுக்குப் போனார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். வார்டில் என்னோடு வேலை செய்த அக்கா ஒருவர் நோயாளிகளிடம் இதைத்தான் கேட்பார். சிடுசிடுவென்று இருந்த தாத்தாக்கள் ஐஸ்லாந்துப் பனியில் கப்பல்மேல் கட்டும் ஐஸைக் கோடரியால் வெட்டியதைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். கிரிம்ஸ்பி மீன்பிடிப் பாரம்பரிய மையத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள். ராஸ் டைகர் என்ற நிஜ டிராலருக்குள்ளேயே இறங்கிப் பார்க்கலாம்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. இந்தப் பக்கத்து மீன் வறுவல் கடைகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பில்தான் வறுப்பார்கள், உருளைக்கிழங்கு உட்பட. மாட்டிறைச்சி சேர்க்காதவர்களும் சைவர்களும் எந்த எண்ணெய் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கீழே வந்த கேள்விகளுக்கு:

"அண்ணா, நான் நர்ஸ் விசாவில் வருகிறேன். என் வீட்டுக்காரருக்கு மீன் ஆலையில் வேலை கிடைக்குமா?"

கிடைக்கும் தங்கை, டிபெண்டன்ட் விசாவில் வேலை செய்யத் தடை இல்லை. பெரும்பாலும் ஏஜென்சி வழியாகத்தான் எடுப்பார்கள். மோர்கம் வளைகுடாவில் 2004 பிப்ரவரியில் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் அலையில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டப்படி உணவு ஆலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு லைசென்ஸ் கட்டாயம், பொதுப் பதிவேட்டில் பெயர் இருக்கும். வேலை வாங்கித் தர உங்களிடம் பணம் கேட்பது சட்டவிரோதம். ஆலைக்குள் நாள் முழுக்கக் குளிர், கை மரத்துப்போகும். கையுறைக்கு உள்ளே போட மெல்லிய கம்பளிக் கையுறை இரண்டு ஜோடி வாங்கிக் கொடுங்கள்.

"கேர் ஹோம் வேலைக்கு விசா எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் பத்து லட்சம் கேட்கிறார்..."

கொடுக்காதீர்கள். 2025 ஜூலை 22க்குப் பிறகு கேர் ஒர்க்கர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன் அண்ணா. பிரிட்டன் மீன்பிடிப் படகில் வேலை, மாதச் சம்பளம் என்று ஏஜென்ட் சொல்கிறார். போகலாமா?"

தம்பி, எந்த விசா என்று முதலில் கேள். பிலிப்பைன்ஸ், கானா, இலங்கை, இந்தியா என்று பல நாட்டவரை டிரான்சிட் விசாவில் கூட்டி வந்து படகில் வைத்திருக்கிறார்கள். அந்த விசா கப்பலில் ஏறி நாட்டை விட்டு வெளியே போவதற்கானது. 12 கடல் மைலுக்கு வெளியேதான் வேலை என்று கணக்குக் காட்டுவார்கள். கரையில் தங்க உரிமை இல்லை, படகிலேயே தூக்கம், நேரக் கணக்கு கிடையாது, முதலாளியோடு தகராறு என்றால் விசாவும் போச்சு. ஒப்பந்தத்தில் எந்தப் படகு, எந்தத் துறைமுகம், மணிக்கு எவ்வளவு, எந்த விசா என்ற நாலும் எழுத்தில் இருக்கிறதா பார். டிரான்சிட் என்று இருந்தால் கையெழுத்துப் போடாதே. கையெழுத்துப் போடும் முன் காகிதத்தைப் போட்டோ எடுத்து இங்கே போடு, பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் மறைத்துவிட்டு. படித்துச் சொல்கிறோம்.