அஜேயா, அர்ஜுன், தேஜஸ்: ஆர்மா 3 மோடில் நவீனமயத்தை எப்படிக் காட்டுவது?

காட்பாடி_கவசம் (கேள்வி):
வேலூரில் படிக்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து, ஆர்மா 3 என்ற கணினிப் போர் விளையாட்டில் இந்திய டாங்குகளையும் தேஜஸ் போர் விமானத்தையும் சேர்க்கும் மோட் (ஆட்டக்காரர்களே செய்யும் கூடுதல் தொகுப்பு) ஒன்றை உருவாக்கி வருகிறோம். டி-72 அஜேயா டாங்கின் பழைய வடிவமும், வெடிக்கவசம் (குண்டு பட்டதும் வெடித்து அதன் தாக்கத்தைக் குறைக்கும் கட்டிகள்) பொருத்திய புதிய வடிவமும் தயாராகிவிட்டன. ஆனால் ஓட்டிப் பார்த்தால் தோற்றத்தைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை. கவசத்தின் எண்ணை உயர்த்தினால் போதும் என்கிறார் குழுவில் ஒருவர். அப்படிச் செய்தால் எதனாலும் துளைக்க முடியாத வண்டியாகிவிடுமே என்று தயங்குகிறேன். குண்டு, எடை, வேகம் ஆகியவற்றில் எதை முதலில் திருத்த வேண்டும்?

கம்மவான்பேட்டை_முன்னாள்படைவீரர்:
தம்பி, முதலில் குண்டு நிரப்பும் முறையைக் கவனியுங்கள். டி-72 வண்டியில் மூன்று பேர்தான். டரட்டின் (குழல் பொருத்திய சுழலும் மேல்பகுதி) அடியிலுள்ள சுழல்தட்டில் 22 குண்டுகள் இருக்கும், ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் குழல் குறிப்பிட்ட கோணத்துக்கு வந்து நின்றால்தான் இயந்திரம் முதலில் குண்டையும் பின்னர் வெடிமருந்தையும் உள்ளே தள்ளும். அந்த 22 தீர்ந்தால், மற்ற இடங்களில் அடுக்கிய குண்டுகளை எடுத்துத் தட்டைக் கையால் நிரப்ப வேண்டியதுதான். உங்கள் மோடில் எல்லாக் குண்டுகளும் ஒரே வேகத்தில் பாய்ந்தால் அது டி-72 ஆகாது. அர்ஜுன் டாங்கில் நான்காவது ஆள் கையால் நிரப்புகிறார். அவர் காயப்பட்டால் சுடும் வேகம் சரிய வேண்டும். இன்னொன்று: டி-72 பின்னோக்கிச் செல்லும் வேகம் மணிக்குச் சுமார் 4 கி.மீ. மட்டுமே. மறைவிலிருந்து எட்டிப் பார்த்துச் சுட்டுவிட்டுச் சட்டென்று பின்வாங்கும் விளையாட்டு வித்தை அதில் நடக்காது.

ராணிப்பேட்டை_மோடர்:
ஐயா சொன்னதற்குப் பிறகுதான் கவசம். இந்த விளையாட்டில் துளைக்கும் ஆழத்தைக் குண்டின் காலிபர் மதிப்பு, மோதும்போதுள்ள வேகம், மோதப்படும் பொருளின் தன்மை ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. 2018இல் வந்த டாங்க் தொகுப்புக்குப் பின், ஹீட் குண்டின் (வெடித்து, உலோகத் தாரையால் கவசத்தைத் துளைப்பது) வெடிப்பும் அதிலிருந்து பாயும் தாரையும் தனித்தனியே கணக்கிடப்படுகின்றன. அதனால்தான் ஒட்டுமொத்தக் கவச எண்ணை உயர்த்துவது தவறான வழி. முதல் தலைமுறை வெடிக்கவசம் ஹீட் தாரையைச் சிதைப்பதற்காக உருவானது, எஃப்.எஸ்.ஏ.பி.டி.எஸ். குண்டுக்கு (வெடிக்காமல் வேகத்தாலேயே துளைக்கும் அம்பு போன்ற குண்டு) எதிராக அதன் பலன் சொற்பம். ஆகவே ஒவ்வொரு கட்டியையும் தனி உறுப்பாக அமைத்து, ஹீட் பட்டதும் அது அழியுமாறும், அதே இடத்தில் மறுபடி பட்டால் தாரை உள்ளே புகுமாறும் செய்யுங்கள்.

எடையையும் மறந்துவிடாதீர்கள். அர்ஜுன் மார்க் 1 சுமார் 58.5 டன், மார்க் 1ஏ சுமார் 68 டன்; இரண்டிலும் இன்ஜின் 1,400 குதிரைத்திறன்தான். டன்னுக்கு ஏறக்குறைய 24 குதிரைத்திறனாக இருந்தது 20.6 ஆகக் குறைகிறது, அதாவது புதியது மேட்டில் சற்றே திணற வேண்டும். அஜேயாவில் கதை தலைகீழ்: அதன் 780 குதிரைத்திறன் இன்ஜினுக்குப் பதிலாக 1,000 குதிரைத்திறன் இன்ஜின் வாங்க 2025 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை மூன்றாவது வடிவமாகச் சேர்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

அரக்கோணம்_வான்நோக்கி:
விமானத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் ஊர் ராஜாளி கடற்படை விமானதளத்தின் பி-8ஐ மீது எனக்கு ஆசை அதிகம். ஆனால் நீர்மூழ்கியைத் தேடும் அந்த விமானத்துக்கு உங்கள் மோடில் வேலையில்லை. தேஜஸைச் சேர்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. விளையாட்டின் ஆல்டிஸ் வரைபடம் ஒரு பக்கம் சுமார் 30 கி.மீ.; மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் இரண்டே நிமிடத்தில் விளிம்பைத் தாண்டிவிடும். 1971 போரில் ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் இந்திய ஹன்டர் விமானங்கள் பாகிஸ்தான் டாங்குகளை வேட்டையாட முடிந்ததற்கு, ஒளிய இடமில்லாத பாலைவனமும் எதிரிக்கு வான்பாதுகாப்பு இல்லாததும் காரணங்கள். மரங்கள் அடர்ந்த இடத்தில் விமானி தாமாக டாங்கைக் கண்டுபிடிக்க மாட்டார். எனவே தரையிலுள்ள வீரர் லேசரால் குறிகாட்ட, விமானம் குண்டு வீசும் முறையை முதலில் அமையுங்கள். விமானத்தின் பீரங்கியால் சுடுவதை அப்புறம் பார்க்கலாம்.

காட்பாடி_கவசம்:
மூவருக்கும் நன்றி. சுழல்தட்டையும் பின்னோக்கு வேகத்தையும் இந்த வாரமே மாற்றுகிறோம். கட்டிகளைத் தனித்தனியாக அமைத்தால் பலர் சேர்ந்து ஆடும்போது சர்வர் தாங்குமா, அல்லது பக்கத்துக்கு ஒரு தொகுதியாகச் சேர்த்துவிடலாமா என்பதை மட்டும் ராணிப்பேட்டை அண்ணன் சொல்ல வேண்டும்.

ராணிப்பேட்டை_மோடர்:
முன்பக்கத்தில் தனித்தனியாகவும் பக்கவாட்டில் தொகுதியாகவும் வையுங்கள். அடி பெரும்பாலும் முன்னால்தான் விழும்.