மாமியாருக்கு நெஞ்சு அழுத்தம், ஸ்டென்டுக்கு நான்கு லட்சம் பாத் கேட்கிறார்கள். தாய்லாந்தில் வேறு வழி உண்டா?

ஓன்நுட் சரவணன்:
வணக்கம். பாங்காக்கில் ஓன் நுட் பக்கம் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். மனைவி தாய்லாந்துக்காரர், சொந்த ஊர் கலாசின் மாகாணத்தில் ஒரு கிராமம். என் மாமியாருக்கு 74 வயது. போன வருடம் வரை வயலில் நின்று நாற்று நட்டவர். இரண்டு மாதமாக மாடிப்படி ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது என்கிறார். நின்று மூச்சு வாங்கினால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பல வருடமாக உண்டு.

எங்கள் கண் முன்னால் இருக்கட்டும் என்று பாங்காக் அழைத்து வந்தோம். போன வாரம் வீட்டுக்கு அருகே ஒரு தனியார் மருத்துவமனையில் இசிஜி, எக்கோ எடுத்தார்கள். ஆஞ்சியோ (இதய இரத்தக்குழாயில் சாயம் செலுத்தி எடுக்கும் படம்) பார்க்க வேண்டும், அடைப்பு இருந்தால் கையோடு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்), மொத்தம் மூன்றரையிலிருந்து நான்கு லட்சம் பாத் ஆகும், நாளைக்கே சேர்த்துவிடுங்கள் என்றார்கள். காப்பீடு எதுவும் இல்லை. ஊரில் இருக்கும் நிலத்தை அடகு வைக்கலாம் என்கிறாள் மனைவி. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் காசு பார்த்துத் தாமதித்து அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன்? இரவில் தூக்கம் வரவில்லை.

அவரிடம் அரசின் 30 பாத் மருத்துவத் திட்டம் இருக்கிறது. அது காய்ச்சல், இருமலுக்குத்தான் என்று நினைத்திருந்தோம். இதயத்துக்கும் செல்லுமா?

சீலோம் ராஜி:
தம்பி, நிலத்தில் கை வைக்காதீர்கள். முதலில் அதை மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.

30 பாத் திட்டம் என்று நீங்கள் சொல்வதைத்தான் இங்கே 'பத் தோங்', தங்க அட்டை என்கிறார்கள். 2002-இல் சட்டமாக வந்தது. ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் எல்லாம் அதில் அடக்கம். 60 வயது தாண்டியவர்களிடம் அந்த 30 பாத் கூட வாங்குவதில்லை. ஒரே நிபந்தனைதான்: பதிவு செய்திருக்கும் மருத்துவமனையில் தொடங்கி, அவர்கள் தரும் 'பை சொங் துவா', அதாவது பரிந்துரைக் கடிதத்தோடு பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்தத் திட்டத்தின் உதவி எண்ணான 1330-க்கு மனைவியைப் பேசச் சொல்லுங்கள். அம்மாவின் 13 இலக்க அடையாள எண்ணைச் சொன்னால் எங்கே பதிவு என்று சொல்லிவிடுவார்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் மைத்துனர், மைத்துனி யாராவது அரசு வேலையில் இருக்கிறார்களா? பள்ளி ஆசிரியரோ போலீசோ இருந்தால் பெற்றோருக்கும் அரசு ஊழியர் மருத்துவ உரிமை உண்டு. அப்படி என்றால் அரசு மருத்துவமனைகளுக்குக் கடிதம் இல்லாமல் நேரே போகலாம். என் தோழி ஒருத்தி குடும்பத்தில் இதைத் தெரியாமலே மூன்று வருடம் கைக்காசு செலவழித்தார்கள்.

ஓன்நுட் சரவணன்:
ராஜி அக்கா, ரொம்ப நன்றி. மைத்துனர் ரயோங்கில் தொழிற்சாலை வேலை. அரசு வேலையில் யாரும் இல்லை. 1330-இல் பேசினோம். பதிவு கலாசினில், அவருடைய மாவட்ட மருத்துவமனையில் இருக்கிறதாம். வேண்டுமானால் பாங்காக்குக்கு மாற்றலாம், வருடத்துக்கு நான்கு முறை வரை மாற்ற அனுமதி உண்டு என்றார்கள். ஆனால் இங்கே முதலில் ஒரு சிறு கிளினிக்கில் காட்டி, அங்கிருந்துதான் மேலே போக வேண்டுமாம். மாற்றட்டுமா, ஊருக்கே அழைத்துப் போகட்டுமா? ஊரில் இதய மருத்துவர் கிடையாது.

கோன் கேன் மீனா:
நான் நம் ஊரில் செவிலியராக இருந்தவள். கணவர் வேலைக்காகக் கோன் கேன் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மருத்துவர் இடத்தில் இருந்து பேசவில்லை, வழி தெரிந்தவளாகச் சொல்கிறேன்.

என் யோசனை, ஊருக்கே அழைத்துப் போங்கள். மாவட்ட மருத்துவமனையில் இதய நிபுணர் இல்லாதது பெரிய குறை இல்லை. அங்கே உங்கள் மாமியாரை முகம் பார்த்துத் தெரியும், பல வருடச் சர்க்கரைக் கணக்கு அவர்களிடம் இருக்கும். அங்கிருந்து கலாசின் மாகாண மருத்துவமனை, அதற்கு மேல் கோன் கேன் பல்கலைக்கழகத்தின் சிரிகிட் அரசி இதய மையம். வடகிழக்கு முழுவதிலிருந்தும் அங்கேதான் வருகிறார்கள். கலாசினிலிருந்து சாலை வழியாக 80 கிலோமீட்டர் அளவுதான். பாங்காக்கில் புதிதாகப் பதிந்து, அறிமுகம் இல்லாத கிளினிக்கில் கடிதத்துக்கு அலைவதைவிட இது மேல் என்று நினைக்கிறேன்.

ஆனால் கிளம்பும் முன் ஒன்று. நடக்கும்போது அழுத்தி, நின்றால் விடுகிற வலிக்கும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வருகிற வலிக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. முதல் வகை என்றால் சில வாரங்கள் மாத்திரையோடு முறைப்படி போக இடம் உண்டு. ஓய்வில் வலி வந்தாலோ, நாளுக்கு நாள் குறைந்த வேலைக்கே வந்தாலோ காத்திருக்கக் கூடாது. பயணம் செய்யலாமா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். இரவுப் பேருந்தில் 500 கிலோமீட்டர் உட்கார வைக்காதீர்கள். கோன் கேனுக்கு விமானம் ஒரு மணி நேரம்தான்.

அந்தத் தனியார் மருத்துவமனையில் இசிஜி தாள், எக்கோ அறிக்கை, இரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் நகல் கேட்டு வாங்குங்கள். சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆஞ்சியோ சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், அதனால் எந்த மருத்துவமனையும் அதை முதலில் பார்க்கும். மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துப் போங்கள்.

நொந்தபுரி அன்வர்:
என் அப்பாவுக்கும் இதே போல ஆனது. ஆனால் அவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், தங்க அட்டைக்கு வழியே இல்லை. இதைப் படிக்கிறவர்களில் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன். சுகாதார அமைச்சகத்தின் கீழ் உள்ள அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டவருக்கு 2019 முதல் தனிக் கட்டணப் பட்டியல் இருக்கிறது, தாய்லாந்துக்காரரைவிடக் கூடுதல். ஆனாலும் எங்களுக்குத் தனியார் சொன்னதைவிட நிறையவே குறைவாக வந்தது. பாங்காக்கில் சுலாலங்கோர்ன், சிரிராஜ், ராமாதிபடி, நொந்தபுரியில் மத்திய நெஞ்சக நிலையம் ஆகியவற்றில் கேட்கலாம். பல அரசு மருத்துவமனைகளில் மாலையில் 'நேரம் கடந்த கிளினிக்' உண்டு. கொஞ்சம் கூடுதல் கட்டணம் கட்டினால் மூத்த நிபுணரையே பார்க்கலாம். நாங்கள் அப்படித்தான் முதல் கருத்தைக் கேட்டோம். உடனடி ஆபத்து இல்லை என்று அவர் சொன்ன பிறகு அப்பாவை மதுரைக்கு அழைத்துப் போய்ச் செய்தோம்.

சரவணன் அண்ணா, உங்களுக்கு அவசியமானது இன்னொன்று இருக்கிறது. ஊருக்குக் கிளம்பும் முன் பாங்காக்கில் திடீரென்று கடும் நெஞ்சுவலி, வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் அட்டை, பதிவு எதையும் யோசிக்காதீர்கள். அவசர மருத்துவ எண்ணான 1669-ஐ அழையுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் அருகில் இருக்கும் எந்த மருத்துவமனையும், தனியார் உட்பட, முதல் 72 மணி நேரம் காசு கேட்காமல் பார்க்க வேண்டும். 2017-இல் வந்த விதி இது, 'யூசெப்' என்று சொன்னாலே புரியும். உள்ளே நுழைந்ததும் அந்த உரிமையைப் பயன்படுத்துகிறோம் என்று மனைவி சொல்லட்டும். அவசர நிலையா இல்லையா என்று அவர்கள் மதிப்பிடுவார்கள். அந்த முடிவு வருவதற்கு முன், செலவை ஏற்கிறோம் என்கிற தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

சீலோம் ராஜி:
அன்வர் சொன்னது சரி. அப்புறம், 2024 ஜனவரியில் நான்கு மாகாணங்களில் தொடங்கிய 'எங்கும் 30 பாத்' திட்டத்தை நம்பி யாரும் நேராகப் பெரிய இதய மையத்துக்குப் போய் நிற்காதீர்கள். சாதாரண வைத்தியத்துக்கு அது நல்ல வசதி. பெரிய சிகிச்சைக்குக் கடிதம் வேண்டும்.

ஓன்நுட் சரவணன்:
ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

மருத்துவர் ஒப்புதலோடு விமானத்தில் அழைத்துப் போனோம். மாவட்ட மருத்துவமனையில் நாக்கடியில் வைக்கும் மாத்திரை தந்து, அன்றைக்கே மாகாண மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினார்கள். அங்கே இரண்டு முறை காத்திருந்தோம், ஒருநாள் காலை ஆறு மணிக்குப் போய் மாலை நான்குக்குத்தான் முடிந்தது. பிறகு கோன் கேன். ஆஞ்சியோவில் இரண்டு இடத்தில் அடைப்பு, இரண்டு ஸ்டென்ட். மணிக்கட்டு வழியாகவே செய்துவிட்டார்கள். சிகிச்சைக்குப் பணம் வாங்கவில்லை. விமானம், எங்கள் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் பாத்துக்குள் முடிந்தது. நிலம் அப்படியே இருக்கிறது. மீனா அக்கா மருத்துவமனை வாசலுக்கே சோறு கொண்டுவந்தார்கள். என் மனைவி அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

இப்போது ஒரே சண்டை பிளா ரா பற்றித்தான். அந்தப் புளித்த மீன் இல்லாமல் பப்பாளி சாலட் தொண்டையில் இறங்காது என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?

கோன் கேன் மீனா:
கேட்கவே நிறைவாக இருக்கிறது தம்பி. பிளா ராவில் உப்பு மிக அதிகம், மீன் சாஸிலும் அப்படித்தான். அடியோடு நிறுத்தினால் அவர் சாப்பாட்டையே வெறுத்துவிடுவார். வாரம் ஒரு நாள், அரைக் கரண்டி, அன்றைக்கு மீன் சாஸ் வேண்டாம் என்று பேசிப் பாருங்கள். மறு பரிசோதனையில் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளான ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும். நன்றாக இருக்கிறேனே என்று அவராக நிறுத்திவிட்டால் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்துவிடலாம். மாவட்ட மருத்துவமனையில் மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கிவிடச் சொல்லுங்கள். கிராமத்தின் சுகாதாரத் தொண்டர் பெண்ணிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வாரம் ஒரு முறை வந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போவார்.