புரொஜெக்டர் சூடாகி அணைந்துவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீட்டில் இருப்பது லாம்ப் போட்ட டிஎல்பி புரொஜெக்டர், வாங்கி ஏழு வருஷம். இரண்டு வாரமாக, இருபது நிமிஷம் ஓடியதும் டெம்ப் விளக்கு சிவப்பாக எரிந்து தானே அணைந்துவிடுகிறது. அப்பாவால் இப்போது வெளியே போக முடியாது. ராத்திரி பழைய படம் பார்ப்பதுதான் அவருக்கு இருக்கிற ஒரே சந்தோஷம், அதனால்தான் இந்த அவசரம்.

சர்வீஸில் திறந்துகூடப் பார்க்காமல் போர்டையே மாற்றணும் என்றார்கள். மனசு ஒப்பவில்லை. நேற்று பிளக்கைப் பிடுங்கி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு நானே திறந்தேன். ஃபில்டரில் தூசி கம்பளி மாதிரி அப்பியிருந்தது. பிரஷ்ஷால் தட்டினேன், ஹீட்சிங்க் இடுக்குகளை ஊதினேன். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டேன், வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். இப்போது நாற்பது நிமிஷம் தாங்குகிறது, எக்கோ மோடில் இன்னும் கொஞ்சம் கூட.

என் சந்தேகம் லாம்பை ஒட்டிய ப்ளோயர் மேல். கையால் சுற்றினால் அரைச் சுற்றிலேயே நிற்கிறது. மற்ற ஃபேன்கள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. ஸ்டிக்கரில் 12 வோல்ட், 0.2 ஆம்பியர். மூன்று வயர், ஒன்று வேகத்தைச் சொல்லும் சிக்னல்.

இதே அளவு ப்ளோயர் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்குமா? அதுவரை பேரிங்கில் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடலாமா? படத்தை உருவாக்கும் டிஎம்டி சிப்பின் பின்னால், சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டையும் இதோடு மாற்றணுமா? லாம்புக்குள் பாதரசம் இருப்பதால் அதில் மட்டும் கை வைக்கவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.