பூர்வகுடிகளின் கதையை வரைபடம் போட்டுச் சொல்லித்தர முடியுமா?

வரைகோல்:
கனடாவில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பூர்வகுடிகள் பற்றிய பாடத்துக்குப் பிள்ளைகளையே வரைபடம் போட வைக்கப் போகிறேன். 1787இல் ஜார்ஜ் டிக்சன் என்ற கப்பல் தலைவர் மேற்குக் கரைத் தீவுகளுக்குத் தன் கப்பலின் பெயரையே வைத்துவிட்டுப் போனார்: குயின் சார்லட். அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக இருந்த ஹைடா மக்களை யாரும் கேட்கவில்லை. 2010இல்தான் அது சட்டப்படி ஹைடா குவாய் ஆனது. இரண்டு பெயரிலும் ஆளுக்கொரு வரைபடம் போட்டுப் பக்கத்தில் வைத்தால் நான் வாயே திறக்க வேண்டாம்.

ஓடக்காரன்:
எனக்குச் சரியாகப் படவில்லை. நிலத்தைப் பறித்ததே வரைபடத்தை வைத்துத்தானே? கோடு கிழித்து, ரிசர்வ் என்று ஒரு துண்டை ஒதுக்கிக் கொடுத்தார்கள். அதே மேற்குக் கனடாவில் வாழும் கிட்சான் என்ற பூர்வகுடி மக்களின் ‘அடாவ்க்’ என்ற வாய்மொழி வரலாறு குடும்பத்துக்குக் குடும்பம் சொந்தம், பாட்டும் அதோடு சேர்ந்தது. நிலம் தங்களுடையது என்று அவர்கள் போட்ட டெல்கமுக் வழக்கில் ஒரு மூதாட்டி சாட்சியமாகவே பாட வந்தார். நீதிபதியோ தன் காதுக்கு இசை ஏறாது என்றார். 1991இல் தீர்ப்பும் அவர்களுக்கு எதிராகவே வந்தது. அந்தப் பாட்டை உங்கள் தாளில் எங்கே வைப்பீர்கள்?

வரைகோல்:
வழக்கைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே! 1997இல் உச்ச நீதிமன்றம் வாய்மொழி வரலாற்றையும் எழுத்து ஆவணத்துக்கு நிகராக எடைபோட வேண்டும் என்றது. அப்புறம், 1970களில் வடதுருவப் பகுதியின் இனூயிட் வேட்டைக்காரர்கள் தாங்கள் போய்வந்த தடங்களை வரைந்து கொடுத்தார்களே? வட கனடாவில் தங்களுக்கென்று ஒரு ஆட்சிப் பகுதி கேட்ட நுனாவுட் கோரிக்கைக்கு அதுதான் பலம். பறித்த கருவியாலேயே திருப்பிக் கேட்டார்கள்.

பனிச்சாரல்:
இடையில் வருகிறேன். வரைபடம் என்றாலே தாளா? 1880களில் கிழக்குக் கிரீன்லாந்தில் குனிட் என்பவர் கடற்கரையின் நெளிவுகளை மரக்கட்டையில் செதுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எந்த விரிகுடா என்று பார்க்கலாம். ஆனால் ஓடக்காரன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புதைநிலம், மூலிகை கிடைக்கும் இடம் எல்லாம் ஊருக்கே காட்டுவதற்கில்லை. அந்தச் சமூகத்தைக் கேட்காமல் குறிக்காதீர்கள்.

ஓடக்காரன்:
மரக்கட்டை பிடித்திருக்கிறது. நான் சண்டை போடுவது வரைகோலோடுதான். அவர் வகுப்பில் வரைவது அந்த மக்களின் பிள்ளைகள் இல்லையே.

வரைகோல்:
சரி, கதைகளைத் தொடவில்லை. ஊர்ப் பெயர்கள், ஆற்றுப் பெயர்கள் மட்டும். பெரியவர் ஒருவர் வந்து சொன்னால் அதற்குமேல் பார்க்கலாம்.

ஓடக்காரன்:
அப்படியென்றால் ஒப்புக்கொள்கிறேன். மதிப்பெண் போடுவீர்களா?

வரைகோல்:
போடத்தான் வேண்டும்.

ஓடக்காரன்:
எதற்கு? கோடு நேராக இருப்பதற்கா?