மெஷ்ஷைச் சிறிதாக்கினால் ராஃப்டின் தாழ்வு குறைகிறது, ஏன்?

தொண்டிக்கடல்: அவசரம், நாளைக்கு வரைபடம் கொடுக்கணும். மண்டபம் பக்கம் ஐஸ் பிளாண்டுக்கு ராஃப்ட், அதாவது முழுக் கட்டடத்தையும் தாங்கும் ஒரே கான்கிரீட் பலகை அடித்தளம். மென்பொருளில் அடிமண்ணுக்குப் பதிலாக வைக்கும் ஸ்பிரிங்குக்கு 8000 கொடுத்தேன். ராஃப்டை 1 மீட்டர் கட்டங்களாகப் பிரித்த மெஷ்ஷில் சராசரித் தாழ்வு (மண்ணில் இறங்கும் அளவு) 6 மி.மீ. சொச்சம், அரை மீட்டரில் 1.7தான். பாரம் மாறவே இல்லை. எதை வைத்துக் கம்பி கணக்குப் போடுவது?

உப்பளம்: 8000 என்ன அலகு? ராஃப்ட் அளவு? மொத்தப் பாரம்?

கரைவலை: தம்பி, அந்தக் கடற்கரை மணலில் ஐப்பசி கார்த்திகை மழைக்கு நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். உப்புநீர்த் தொட்டி காலியாக இருக்கும்போது அடியிலிருந்து தண்ணீர் தூக்கும். முதலில் அதைப் பாருங்க.

கோணமானி: மென்பொருளைத் திறக்கும் முன் கையால் நாலு வரி போட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அடிப்படை தெரியாதவர்கள் ராஃப்டைத் தொடக் கூடாது.

உப்பளம்: சார், அவர் விவரம் சொல்லட்டும்.

தொண்டிக்கடல்: 12க்கு 8 மீட்டர், 450 மி.மீ. கனம். சுயஎடையோடு 5760 கிலோ நியூட்டன். 8000 என்பது கனமீட்டருக்குக் கிலோ நியூட்டன். மெஷ் கோடுகள் சந்திக்கும் புள்ளியான நோடு எல்லாவற்றுக்கும் அதையேதான் கொடுத்தேன்.

உப்பளம்: அங்கேதான் சிக்கல். அது மண்ணின் எண், ஸ்பிரிங்கின் எண் இல்லை. ஒவ்வொரு நோடும் தாங்கும் பரப்பால் பெருக்கணும். அரை மீட்டர் மெஷ் என்றால் நடு நோடுக்கு 0.25 சதுர மீட்டர், அதாவது மீட்டருக்கு 2000 கிலோ நியூட்டன், விளிம்புக்கு 1000, மூலைக்கு 500. நீங்கள் செய்தபடி 1 மீட்டரில் 117 நோடு, அரை மீட்டரில் 425 நோடு, எல்லாவற்றிலும் முழு 8000 இருந்தால் மண் கல்லாகாமல் என்ன ஆகும்? சரிபார்க்க: 5760ஐ 96ஆல் வகுத்தால் 60, அதை 8000ஆல் வகுத்தால் 7.5 மி.மீ. அதற்குப் பக்கத்தில் வரணும்.

கோணமானி: அந்த 8000 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லையே?

தொண்டிக்கடல்: 300 மி.மீ. இரும்புப் பிளேட்டை மண்மேல் அழுத்திப் பார்க்கும் சோதனையில் 30000. பிளேட்டின் எண்ணை அகலமான அடித்தளத்துக்கு மாற்றும் டெர்சாகி சூத்திரத்தில் 8 மீட்டர் அகலத்துக்கு 0.27ஆல் பெருக்கினேன்.

கோணமானி: சின்னப் பிளேட்டின் அழுத்தம் மேல்மண்ணைத் தாண்டாது. ராஃப்டின் அழுத்தம் பல மீட்டர் ஆழம் போகும், அங்கே களிமண் இருந்தால் அந்தச் சூத்திரம் செல்லாது. தவிர மண்ணுக்குப் பதிலாக வின்க்லர் 1867இல் சொன்ன இந்தத் தனித்தனி ஸ்பிரிங்குகள் ஒன்றையொன்று இழுக்காது. சீரான பாரம் வைத்தால் ராஃப்ட் வளையாமல் அப்படியே இறங்கும். நிஜ மண் நடுவில் குழியும். பாஸ்டர்நாக் செய்தது மாதிரி ஸ்பிரிங்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் வெட்டு அடுக்கு சேர்க்காமல் வரும் வளைவுத்திருப்பம் (பலகையை வளைக்கும் விசையின் அளவு) நம்பத் தக்கதல்ல.

உப்பளம்: சாதாரண ராஃப்டுக்கு அவ்வளவு வேண்டாம் சார். விளிம்பு ஸ்பிரிங்கை நடுவைவிட இரண்டு மடங்கு விறைப்பாக்கினால் அந்தக் குழிவு ஓரளவு வந்துவிடும்.

கோணமானி: இரண்டு மடங்கு என்பது கைக்கு வந்த எண்.

உப்பளம்: 8000ம் ரொம்பத் துல்லியமான எண் இல்லையே.

கரைவலை: தண்ணீர் விஷயம் என்னாச்சு?

தொண்டிக்கடல்: பரப்பால் பெருக்கினேன். இரண்டு மெஷ்ஷிலும் 7.5 வருது. நன்றி சார்.

உப்பளம்: நல்லது. 8000 துல்லியமில்லை என்பதால் அதன் பாதி 4000, இரட்டிப்பு 16000 இரண்டுக்கும் ஓட்டி, பெரிய வளைவுத்திருப்பத்துக்குக் கம்பி போடுங்க. ஸ்பிரிங் அழுத்தம் மட்டும் தாங்கும்படி வையுங்க, இல்லாவிட்டால் மூலை தூக்கும்போது மண் பிடித்து இழுப்பதாகக் கணக்கு வரும். தொட்டி காலி நிலைமையையும் தனிப் பாரமாகச் சேருங்க, கரைவலை அண்ணன் சொன்னது சரிதான்.